நித்தியகல்யாணி

நம் கல்லூரிச் சிற்றாலயத்தின் தென்புறத்தே, ஒருவரும் நீர் வார்க்காமலே ஆண்டு முழுதும் மலர்ந்து நிற்கும் செடியொன்று உண்டு. இளஞ்சிவப்பான ஐந்திதழ்ப் பூ. நித்தியகல்யாணி என்பது அதன் பெயர். இடுகாடுகளிலும் தானே முளைத்துப் பூப்பதனால் சுடுகாட்டு மல்லி என்றும் நம்மவர் அதனை அழைப்பர். வீட்டு முற்றத்தில் வைக்க அஞ்சுவாரும் உளர். அச்செடியின் அருகே நான் சற்று நின்று செல்வதைக் கண்ட நண்பர் சிலர் அதன் காரணத்தை வினவினர். அன்று சொல்லத் தயங்கிய விடையை இவ்விதழில் எழுதத் துணிந்தேன்.

2013ஆம் ஆண்டில் எனக்கு வயது எட்டு. இடக்கண்ணின் மேலிமை வீங்கிற்று. கண்கட்டி என்றெண்ணி என் அன்னையார் நாமக்கட்டியை இழைத்துப் பூசினார். வைத்தியர் ஒருவர் சொட்டு மருந்து தந்தார். மூன்று வாரத்திற்குள் விழியே முன்னோக்கிப் பிதுங்கத் தொடங்கியது. நோவு பெரிதாக இல்லை. அதனாலேயே நாட்கள் வீணாயின. என் வகுப்பாசிரியை தந்தையாரை அழைத்து, "இது கண்கட்டியன்று ஐயா, இன்றைக்கே பட்டணத்துக்கு அழைத்துச் செல்லுங்கள்" என்று கண்டித்துக் கூறியிராவிடின், இக்கட்டுரையை எழுத நான் இருந்திரேன்.

பட்டணத்து வைத்தியசாலையில் சதைத் துணுக்கெடுத்துச் சோதித்து, ராப்டோமயோசர்கோமா என்றனர். நம் விருப்பப்படி இயங்கும் தசையாக முதிர வேண்டிய இளம் உயிரணுக்கள், முதிராமலே அடங்காது பெருகுவதால் உண்டாகும் மென்திசுப் புற்று அது. குழந்தைகளைப் பற்றும் புற்றுநோய்களுள் நூற்றுக்கு மூன்றளவே இவ்வகையினது. இது தொற்றுநோயன்று, பெற்றோர் செய்த பாவத்தின் பயனுமன்று. ஆயினும் உறவினர் சிலர் எனக்கெனத் தனிக் குவளை வைத்தனர். என் அன்னையாரோ, "நான் என்ன பிழை செய்தேனோ!" என்று இரவெல்லாம் விழித்திருந்தார். நோயின் பெயரை என்னிடம் ஒருவரும் உரைத்திலர். மருத்துவக் கோப்பின் மேலட்டையை எழுத்துக் கூட்டிப் படித்தே அறிந்துகொண்டேன். அறிந்ததை நானும் அவர்களுக்குச் சொல்லவில்லை.

கட்டியை முற்றும் அறுத்தெடுப்பின் கண் போய்விடும். ஆதலின் மருந்தாலும் கதிராலும் அதனைக் கரைக்க முயன்றனர். மருந்துகள் மூன்று: வின்கிறிஸ்டின், ஆக்டினோமைசின், சைக்ளோபாஸ்பமைடு. இவற்றுள் ஆக்டினோமைசின் மண்ணில் வாழும் நுண்ணுயிரிலிருந்து 1940ஆம் ஆண்டில் பிரித்தெடுக்கப்பட்டது. வின்கிறிஸ்டினோ நித்தியகல்யாணியின் இலையிலிருந்து கிடைப்பது! கனடா நாட்டு அறிஞர்களான நோபிளும் பியரும் நீரிழிவுக்கு மருந்து தேடியே இச்செடியை ஆராய்ந்தனர். அதன் சாறு எலிகளின் இரத்தத்து வெள்ளணுக்களைக் குறைப்பதைக் கண்டனர். 1958இல் வின்பிளாஸ்டின் என்னும் மருந்து வெளிப்பட்டது. வின்கிறிஸ்டின் அதன் பின்வந்த உடன்பிறப்பு. ஆனால் செடியைத் தின்று நோய் தீர்க்க எண்ணுதல் பேதைமை, அது நஞ்சு. அளந்து பிரித்த பின்னரே அது மருந்தாகும்.

அறுவையை மட்டும் நம்பிய நாளில் இந்நோயுற்ற குழந்தைகளுள் பெரும்பாலோர் மாண்டனர். இன்று, பரவுமுன் கண்டறியப்படின் பத்துப் பேரில் ஏறக்குறைய எழுவர் பிழைக்கின்றனர். கண்குழியில் தோன்றியதாயின் பிழைப்போர் இன்னும் மிகுதி.

பிழைத்தல் எளிதன்று. தலைமயிர் உதிர்ந்தது, தாடை நொந்தது, பாத நரம்புகள் தளர்ந்து, நடக்கையில் கால்விரல்கள் தரையில் இழுபட்டன. கதிர்ச் சிகிச்சை இருபத்தைந்து நாள். அசையாதிருக்கும்பொருட்டு முகத்தின்மேல் அச்சு மூடியைப் பூட்டி, அறையில் என்னைத் தனியே விட்டுக் கதவை அடைப்பர். "ஒன்று முதல் நூறு வரை எண்ணு தம்பி, முடிவதற்குள் அப்பா வந்துவிடுவேன்" என்பார் தந்தையார். சில நாள் நூறு கடந்தும் கதவு திறவாது. அப்போது மீண்டும் ஒன்றிலிருந்து தொடங்குவேன். அவர் சொல் பொய்த்தது என்று அவரிடம் ஒருநாளும் கூறியதில்லை.

அடுத்த கட்டிலில் பத்து வயதுச் சிறுவன் ஒருவன் இருந்தான். அவனுக்கும் இதே நோய், காலில். இருவரும் பரமபதம் ஆடுவோம். ஒரு காலை அவன் கட்டிலில் புது விரிப்பு விரித்திருந்தது. அவன் எங்கே என்று நான் கேட்கவில்லை, யாரும் சொல்லவுமில்லை. அவனுடைய தாயக்கட்டை இன்றும் என்னிடம் உள்ளது.

கடவுள் உன்னைத் தெரிந்துகொண்டார் என்று அன்பினால் கூறுவோர் பலர். அவர்தம் அன்பை வணங்குகிறேன். அக்கூற்றை ஏற்க இயலவில்லை. அவ்வாறாயின் அவனைக் கைவிட்டவர் யார்? அவனை அழைத்து வந்தபோதே நோய் நுரையீரலிற் பரவியிருந்ததெனப் பின்னாளில் அறிந்தேன். அவனுக்கும் எனக்கும் இடையேயிருந்த வேறுபாடு, ஓர் ஆசிரியையின் கூரிய பார்வையும் சில வாரங்களுமே. இறைவன் திருவருள் அப்பார்வையின் வழியாகவே வந்தது என்றுமட்டும் நம்புகிறேன்.

கதிர்பட்ட எலும்பு உடன்வளராமையால் என் முகத்தின் இடப்பக்கம் சிறுத்துள்ளது. அக்கண்ணிற் படர்ந்த புரையையும் அறுவையால் நீக்கினர். படமெடுக்கும்போதெல்லாம் வலப்பக்கம் தெரியத் திரும்பி நிற்பது என் வழக்கம். இவ்வாண்டு வகுப்புப் படத்தில் நேராகவே நோக்கி நின்றிருக்கிறேன்; இம்மலரில் அதனைக் காணலாம்.

நண்பர்களே, நம்மில் பலர் நாளை ஆசிரியராவோம். யாவரும் ஏதேனும் ஒரு வீட்டில் மாமனாகவோ அத்தையாகவோ இருப்போம். ஒரு குழந்தையின் உடலில் நோவில்லாக் கட்டியொன்று நாளுக்கு நாள் வளரக் கண்டால், நோவில்லையே என்று வாளா இராதீர்கள். அக்குழந்தையின் பெற்றோரிடம் கண்டித்துச் சொல்லுங்கள். என் உயிர் அத்தகைய ஒரு சொல்லால் நின்றது.