முகம் தெரியாத அந்த 108 பேருக்கு



உங்களில் ஒருவரைக்கூட எனக்குத் தெரியாது. 2008, 2009 வாக்கில் 'பைப்லைன்' என்ற வலைக்குழாயை உங்கள் மூளைக்குப் போகும் ரத்தக்குழாயில் வைத்துப் பார்க்கச் சம்மதித்துக் கையெழுத்திட்டீர்கள். அந்த ஆய்வுக்கு 'பஃப்ஸ்' என்று பெயர். ஆய்விதழில் நீங்கள் வெறும் 108 பேர். பெரும்பாலும் பெண்கள், சராசரி வயது 57. இன்று என் அக்காவின் கண்ணுக்குப் பின்னால் அதே வகை வலை இருக்கிறது. அதனால்தான் இந்த மடல்.

உங்கள் கரோட்டிட் தமனியில் இருந்தவை வாய் அகன்ற, 10 மில்லிமீட்டருக்குக் குறையாத புடைப்புகள். 1937-இல் வால்டர் டேண்டி தொடங்கிவைத்தபடி மண்டையைத் திறந்து கிளிப் போடலாம். ஆனால் அந்த இடம் எட்டுவதற்குக் கடினமானது. 1990-இல் குல்யெல்மி கொண்டுவந்த பிளாட்டினச் சுருளால் அடைக்கலாம். ஆனால் வாய் அகன்றிருந்தால் சுருள் சரியாக நிற்காது, ரத்தம் மீண்டும் உள்ளே புகும்.

புது வலையோ புடைப்புக்குள் எதையும் வைப்பதில்லை. கரை அரித்த பள்ளத்தில் மண் கொட்டாமல், வாய்க்காலின் ஓட்டத்தையே நேர்ப்படுத்துவது போல. 48 மெல்லிய கம்பிகளால் பின்னிய குழாய் தமனிக்குள் விரிகிறது. புடைப்புக்குள் ரத்தத்தின் வேகம் குறைந்து, தேங்கி, உறைகிறது. வலையின் மேல் தமனியின் உட்சவ்வு மெல்லப் படர்ந்து வாயை மூடுகிறது.

இதற்கு மாதக்கணக்கில் ஆகும். வலை வைத்த அன்று எடுக்கும் படத்தில் புடைப்பு அப்படியேதான் இருக்கும். ஆஸ்பிரினும் குளோபிடோக்ரலும் விழுங்கிக்கொண்டு காத்திருக்க வேண்டும். உங்களுக்கு முன்னால் முயல்களில் சோதித்திருந்தார்கள். புவனோஸ் அயர்ஸில் டாக்டர் பெட்ரோ லிலிக்கின் நோயாளிகளும் இருந்தார்கள். அவ்வளவு ஆதாரத்தை நம்பித்தான் நீங்கள் காத்திருந்தீர்கள்.

அதைவிட எனக்குப் பெரிதாகப்படுவது, நீங்கள் திரும்பத் திரும்பப் போனது. ஆறாம் மாதம், ஓராண்டு, மூன்றாண்டு, ஐந்தாண்டு என்று மறுபடியும் ஆஞ்சியோவுக்குப் படுத்தீர்கள். உடம்பு தேறிய பிறகு ஆஸ்பத்திரிப் பக்கம் யாருக்குத்தான் போகத் தோன்றும்? நீங்கள் போனதால்தான், ஆறு மாதத்தில் ஏறக்குறைய 74 விழுக்காடு புடைப்புகள் முழுதும் மூடின என்றும், ஐந்தாம் ஆண்டில் படம் எடுத்தவர்களில் அது 95 விழுக்காடு என்றும் உலகத்துக்குத் தெரிந்தது. 2011-இல் அமெரிக்க அரசின் ஒப்புதல் கிடைத்ததற்கும் உங்கள் ஆறு மாதக் கணக்கே அடிப்படை.

உங்களில் ஆறு பேருக்குப் பெரிய பக்கவாதமோ, நரம்பியல் காரணமான மரணமோ நேர்ந்தது. அவர்களுக்கும் அவர்கள் வீட்டாருக்கும் நன்றி என்று எழுதக் கை கூசுகிறது. ஆனாலும் அவர்கள் கணக்கிலிருந்து விடுபட்டிருந்தால் எங்களுக்குச் சொல்லப்பட்டது பாதி உண்மையாகவே இருந்திருக்கும்.

"பயமில்லையா டாக்டர்?" என்று அக்கா கேட்டபோது, அவர் "ஒன்றும் ஆகாதும்மா" என்று பூசி மெழுகவில்லை. என்ன பலன், என்ன ஆபத்து, எத்தனை பேருக்கு என்று எண்களோடு சொன்னார். யோசித்துத்தான் அக்கா சம்மதித்தாள். இன்று வரும் வலைகள் உங்களுடையதைவிட மேம்பட்டவை. மருத்துவர்களின் கையும் பழகிவிட்டது. எங்களுக்குக் கிடைத்த அந்த நேரான பதிலுக்கு முதல் எண்களைத் தந்தவர்கள் நீங்கள்.

அக்காவுக்கு அடுத்த ஆஞ்சியோவுக்கு நாள் குறித்தாயிற்று. "நல்லாத்தானே இருக்கேன், எதுக்கு?" என்று அவள் முணுமுணுத்தால் உங்களைப் பற்றிச் சொல்லி அழைத்துப் போவேன்.


அவளுடைய தம்பி