டொமெஸ்டிக் என்கொயரி

2003ஆம் வருடம், நான் பத்தாம் வகுப்பு. ஒருநாள் ஷிஃப்ட் முடிவதற்கு முன்பே அப்பா வீட்டுக்கு வந்துவிட்டார். சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த காகிதத்தை எடுத்து நீட்டி, "என்னன்னு படிச்சுச் சொல்லு கண்ணு" என்றார்.

அப்பா ஓசூர் சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையில் பிரஸ் ஆபரேட்டர். தர்மபுரி பக்கத்துக் கிராமத்திலிருந்து எண்பதுகளில் வேலை தேடி வந்தவர். படிப்பு எட்டாவது. ஓசூர் அவருக்குத் தெலுங்கையும் கன்னடத்தையும் சும்மாவே கொடுத்திருந்தது. இங்கிலீஷில் அவரிடம் இருந்ததெல்லாம் சாமான்களின் பெயர்கள்தான்: டை, பன்ச், ஸ்க்ராப், ரிஜெக்‌ஷன், ஓவர்டைம். அந்தக் கடைசிச் சொல்லில் வந்த பணத்தில்தான் நான் இங்கிலீஷ் மீடியத்தில் படித்துக்கொண்டிருந்தேன்.

பிரஸ்ஸை இயக்க இரண்டு பட்டன்களை இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் அழுத்த வேண்டும். கை உள்ளே மாட்டாமல் இருக்கத்தான் அந்த ஏற்பாடு. அன்றைக்கு உற்பத்தி வேகம் பத்தவில்லை என்று ஒரு பட்டனை அழுந்தியே இருக்கும்படி கட்டிவிட்டிருந்தார்கள். "இப்படி ஓட்ட மாட்டேன்" என்று அப்பா நின்றுவிட்டார். அதற்கு வந்த காகிதம் அது.

நான் படித்தேன். படித்தேன் என்றால், எழுத்துக்கூட்டினேன். 'வில்ஃபுல் இன்சபார்டினேஷன்', 'ஷோ காஸ்', 'சஸ்பெண்டட் பெண்டிங் டொமெஸ்டிக் என்கொயரி'. உள்ளே வியர்த்தது. அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். இத்தனை வருடம் கட்டிய ஃபீஸ் எல்லாம் அந்த நிமிஷத்தில் வந்து என் முன்னால் நின்ற மாதிரி இருந்தது. தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. லிப்கோ டிக்‌ஷனரியைப் புரட்டினேன். டொமெஸ்டிக் என்றால் வீடு சம்பந்தப்பட்டது. என்கொயரி என்றால் விசாரணை.

"வீட்டுக்கு வந்து விசாரிப்பாங்களாம்ப்பா" என்றேன்.

மறுநாள் அம்மா வீட்டைக் கழுவிவிட்டாள். பக்கத்து வீட்டில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி வாங்கிப் போட்டாள். அரை லிட்டர் பால் கூடுதலாக வாங்கினாள். அப்பா இஸ்திரி போட்ட சட்டையில் உட்கார்ந்திருந்தார். நேரில் வருகிறவர்களிடம் பட்டன் விஷயத்தை விளக்கிச் சொல்லிவிடலாம் என்று நினைத்திருந்தார். அன்றைக்கும் யாரும் வரவில்லை, அதற்கு மறுநாளும் வரவில்லை.

டொமெஸ்டிக் என்கொயரி என்றால் கோர்ட்டுக்குப் போகாமல் நிறுவனத்துக்குள்ளேயே நடத்தும் உள்விசாரணை. நோட்டீஸுக்கு 48 மணி நேரத்துக்குள் எழுத்தில் விளக்கம் கொடுக்க வேண்டும். நாங்கள் காபி போட்டுவைத்துக் காத்திருந்த இரண்டு நாளில் அந்தக் கெடு முடிந்துவிட்டது. விளக்கம் கொடுக்காததும் அப்பாவின் கணக்கில் ஒரு குற்றமாகச் சேர்ந்தது.

வேலை போகவில்லை. சஸ்பென்ஷனில் இருந்த நாட்களுக்குப் பாதிச் சம்பளம் வந்தது. அதற்கு 'சப்சிஸ்டன்ஸ் அலவன்ஸ்' என்று பெயர். கடைசியில் வந்த தண்டனை, ஒரு இன்கிரிமென்ட் வெட்டு, 'வித் க்யுமுலேட்டிவ் எஃபெக்ட்'. "ஒரு இன்கிரிமென்ட் தானே, போனா போவுது" என்று அப்பா வேலைக்குப் போனார். அந்தக் கடைசி மூன்று சொல்லுக்கு அர்த்தம் எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது.

அந்தக் கோடை விடுமுறையில்தான் எனக்குப் பைத்தியம் பிடித்தது. இங்கிலீஷில் இனி ஒரு சொல்கூட என்னைத் தடுக்கக் கூடாது. இருப்பதிலேயே கஷ்டமான இங்கிலீஷ் எது என்று கேட்டதற்கு வாத்தியார் டிக்கன்ஸ் என்றார். நூலகத்தில் அட்டை கிழிந்த 'கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்' கிடைத்தது. 1860 டிசம்பரிலிருந்து 1861 ஆகஸ்ட் வரை வாரப் பத்திரிகையில் தொடராக வந்த நாவல். லண்டன்காரர்கள் ஒன்பது மாதத்தில் படித்ததை நான் ஒன்றரை வருடம் படித்தேன். ஒரு பக்கத்துக்கு இருபது சொல்லாவது அடிக்கோடு விழும். அப்பா கொண்டுவந்த கம்பெனி டைரியில் இடது பக்கம் சொல், வலது பக்கம் அர்த்தம். இரண்டு மாதம் கழித்துப் பார்த்தால் பாதிக்கு மேல் மறந்திருக்கும். பட்டியலாகச் சேர்த்த சொல், தானாகக் கழன்றுபோனது.

ஒட்டிக்கொண்டவை ஆள் முகத்தோடு வந்த சொற்கள்தான். 'அப்சீக்வியஸ்' என்பதற்கு டைரியில் 'கூழைக்கும்பிடு போடுகிற' என்று எழுதியிருந்தேன். நாவலில் பம்பிள்சூக் என்றொரு வியாபாரி. சின்னப் பையன் பிப்பைக் கரித்துக்கொட்டியவர். பிப்புக்குப் பணம் வரப்போகிறது என்று தெரிந்ததும் அவன் கையைக் குலுக்க அனுமதி கேட்டுக் கேட்டுக் குலுக்குகிறார். அதைப் படித்தபின் அந்தச் சொல் இன்றுவரை மறக்கவில்லை.

ஆனால் என்னைப் பிடித்து உட்காரவைத்தது வேறொரு இடம். பிப் பணக்கார வீட்டில் எஸ்டெல்லாவோடு சீட்டாடுகிறான். நாம் ஜாக்கி என்கிற சீட்டை அவன் 'ஜாக்' என்கிறான். பெரிய மனிதர்கள் அதை 'நேவ்' என்பார்களாம். அவள் சிரிக்கிறாள். ஒரே ஒரு சொல். அவ்வளவுதான், பையனுக்குத் தன் கை முரட்டுக் கையாகத் தெரிகிறது, பூட்ஸ் தடித்துத் தெரிகிறது. தன்னை வளர்த்த கொல்லன் ஜோ இன்னும் கொஞ்சம் நாகரிகமாக வளர்ந்திருந்தால் தானும் அப்படி இருந்திருப்பேனே என்று ஏங்குகிறான். ஜோவுக்கு எழுத்துக்கூட்டவே வராது. எந்தக் காகிதத்தைக் கொடுத்தாலும் தன் பெயரில் இருக்கிற எழுத்துகளை மட்டும் தேடிக் கண்டுபிடித்துச் சந்தோஷப்படுவார்.

அப்பாவும் கேலண்டரில் அப்படித்தான் இங்கிலீஷ் எழுத்துகளைத் தேடுவார். நான் புத்தகத்தை மூடிவைத்துவிட்டேன். ஏனென்றால் அதற்குள் பள்ளிக்கூடத்துப் பெற்றோர் கூட்டத்துக்கு "நீங்க வரவேணாம்ப்பா, அம்மா வந்தா போதும்" என்று சொல்ல ஆரம்பித்திருந்தேன்.

இன்ஜினியரிங் முடித்து 2010இல் பெங்களூரில் வேலை. காலையில் அத்திப்பள்ளி செக்போஸ்ட்டைத் தாண்டிப் போகும் ஆயிரக்கணக்கான ஓசூர்க்காரர்களில் நானும் ஒருவன். என் இங்கிலீஷ் முழுக்கக் கண்ணால் கற்றது, காதில் விழாதது. மீட்டிங்கில் 'எபிடமி' என்று சொல்ல வேண்டியதை 'எபிடோம்' என்றேன். ஒருவர் சிரிப்பை அடக்கினார், இன்னொருவர் அடக்கவில்லை. நான் எழுதிய மெயில்கள் 19ஆம் நூற்றாண்டிலிருந்து வந்தவை போலிருக்கும். சர்வர் நின்றுபோனதை நான் நான்கு வரியில் வருத்தத்தோடு விவரித்ததற்கு, "சர்வர் டவுன்னு எழுதுப்பா, போதும்" என்று மேனேஜர் சொன்னார்.

கூடவே இன்னொன்றும் புரிந்தது. பழைய நாவலில் கற்ற சொல்லை அப்படியே எடுத்துவந்து இன்றைக்குப் புழங்க முடியாது. ஜேன் ஆஸ்டினின் 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' 1813இல் வந்தது. அதில் காலின்ஸ் பாதிரியார், சீமாட்டி கேதரின் தன்னிடம் காட்டும் 'கண்டிசென்ஷன்' பற்றி உருகி உருகிப் பேசுவார். உயரத்தில் இருப்பவர் இறங்கிவந்து பழகும் பெருந்தன்மை என்று அப்போது பொருள். இன்றைக்கு அந்தச் சொல்லை ஒருவரைப் பார்த்துச் சொன்னால் சண்டைக்கு வருவார். நம்ம ஊர் 'நாற்றம்' ஒரு காலத்தில் வாசனை என்று பொருள்பட்ட மாதிரிதான். சொல்லை மட்டும் படித்தால் போதாது, அது யார் வாயில், யாரைப் பார்த்து, எப்போது வந்தது என்றும் பார்க்க வேண்டும். அது தெரியாமல்தான் 'டொமெஸ்டிக்' என்றதும் அம்மா வீடு கழுவினாள்.

ஓசூரிலிருந்து சில கிலோமீட்டரில் தென்பெண்ணை ஓரமாகத் தொரப்பள்ளி இருக்கிறது. ராஜாஜி 1878இல் பிறந்த ஊர். அவர் பிறந்த வீடு இப்போது நினைவில்லம். ஓசூரில் படித்து, பெங்களூர் சென்ட்ரல் கல்லூரிக்குப் போய், பிறகு சேலத்தில் வக்கீலானவர். சட்ட இங்கிலீஷின் நீளமான சொற்கள் எல்லாம் அவர் கைக்குள் இருந்தன. ஆனால் 1951இல் பாரதிய வித்யா பவன் வெளியிட்ட அவருடைய இங்கிலீஷ் மகாபாரதத்தை ஒன்பதாம் வகுப்புப் பையன் டிக்‌ஷனரி இல்லாமல் படித்துவிடலாம். அதற்கும் முன்னால், 1916இல், அறிவியலுக்குத் தமிழில் சொல் உண்டாக்கச் சேலத்தில் ஒரு சங்கம் ஆரம்பித்ததிலும் அவர் இருந்தார். அரசியலில் அவரோடு முரண்பட எனக்கு நிறைய உண்டு. ஆனால் பெரிய சொல் தெரிந்த ஒருவர் அதைக் கையில் வைத்துக்கொண்டு சின்னச் சொல்லை எடுப்பது வேறு, சின்னச் சொல் மட்டுமே தெரிந்திருப்பது வேறு. அந்த முதல் வகை ஆளாக வேண்டும் என்று ஆசைப்பட்டுத்தான் இன்னமும் பழைய நாவல்களைப் படிக்கிறேன்.

அப்பா சில வருடங்களுக்கு முன் ஓய்வு பெற்றார். கிராஜுவிட்டி கணக்கைச் சரிபார்க்க உட்கார்ந்தேன். கடைசியாக வாங்கிய மாதச் சம்பளத்தை 15ஆல் பெருக்கி, 26ஆல் வகுத்து, சர்வீஸ் வருடங்களால் பெருக்க வேண்டும். அப்போதுதான் 'க்யுமுலேட்டிவ் எஃபெக்ட்' முழுசாகப் புரிந்தது. வெட்டிய இன்கிரிமென்ட் ஒரு வருடத்தோடு முடிவதில்லை. அடுத்தடுத்த ஒவ்வொரு வருடச் சம்பளமும் அந்த ஒரு படி கீழேயிருந்துதான் ஏறும். பி.எஃப்., கிராஜுவிட்டி எல்லாமே அதற்கேற்பக் குறையும். 2003இல் விழுந்த ஒரு ஓட்டை, ஓய்வு பெறும் நாள்வரை ஒழுகிக்கொண்டே இருந்திருக்கிறது.

பழைய இரும்புப் பெட்டியில் அந்த நோட்டீஸும் இருந்தது. மடிப்பில் கிழியத் தொடங்கியிருந்தது. விரித்துப் படித்தேன். இப்போது எந்தச் சொல்லும் தடுக்கவில்லை. இரண்டாம் பத்தியின் கடைசியில் ஒரு வரி இருந்தது. நீங்கள் விரும்பும் சக தொழிலாளி ஒருவரை விசாரணையில் உதவிக்கு வைத்துக்கொள்ளலாம் என்று. அதில் ஒரு கஷ்டமான சொல்கூட இல்லை. ஆறாம் வகுப்பு இங்கிலீஷ். 'இன்சபார்டினேஷ'னைப் பார்த்து மிரண்டவன் அந்த வரி வரைக்கும் வரவேயில்லை.

"அப்பா, இதை இப்ப ஒருதரம் முழுசா படிக்கட்டுமா?" என்றேன்.

"எதுக்கு இப்ப?" என்றார். ஆனால் டிவி சத்தத்தைக் குறைத்தார்.

ஒவ்வொரு வாக்கியமாகப் படித்துத் தமிழில் சொன்னேன். 48 மணி நேரம் என்று வந்தபோது ஒன்றும் சொல்லவில்லை. வீட்டுக்கு வருவார்கள் என்று நான் சொன்னது தப்பு, தெரியாமல் அடித்துவிட்டேன் என்றேன். "அந்த நாற்காலில ஒண்ணு கால் உடைஞ்சு போச்சு. உங்கம்மா காசு குடுத்தா" என்றார். சக தொழிலாளி வரி வந்ததும், "அத இன்னொருதரம் சொல்லு" என்றார். சொன்னேன்.

கொஞ்ச நேரம் யோசித்தார்.

"அப்ப பக்கத்து மெஷின் கன்னடக்கார அண்ணனக் கூட்டிட்டுப் போயிருக்கலாம். பட்டனைக் கட்டுனத அவரும் பாத்தாரு" என்று சொல்லிவிட்டு, டிவி சத்தத்தைக் கூட்டினார்.