நடுகல்லும் கணினி அறையும்

ஐப்பசி 10, திங்கள்

புதிய பாடநூல்கள் 2018-ஆம் ஆண்டில் வரத் தொடங்கியது முதற்கொண்டு, பக்கத்தின் ஓரத்திலே அச்சிட்டிருக்கும் க்யூஆர் கோடு என்னும் சதுரக் குறியின்மேல் கைபேசியைக் காட்டிய மாத்திரத்தில் திக்‌ஷா தளத்திலிருந்து ஒரு காணொளி வந்து நின்று, உபாத்தியாயர் தொண்டை வறள அரைமணி நேரம் சொல்லக்கூடியதைச் சில நிமிஷங்களில் சொல்லி முடித்துவிடுவதைப் பார்க்கும் எவரும் அதனைப் பெரிய உபகாரமென்றே கொள்வர். கன்னியாகுமரிப் பிள்ளைக்குக் கிடைப்பது திருவண்ணாமலைப் பிள்ளைக்கும் குறைவின்றிக் கிடைக்கிறதென்பது சாமானியமான காரியமன்று. ஆயினும் அங்கே மாணாக்கன் பெறுபவனாக மட்டுமே இருக்கிறான். அந்தக் காணொளியில் சொல்லாத விஷயம் ஒன்று தன் ஊரிலேயே இருக்குமாயின், அதைத் தன் கையால் அதனோடு எழுதிச் சேர்க்க அவனுக்கு வழியில்லை.

இன்று ஒன்பதாம் வகுப்பில் நடுகல்லைப் பற்றிப் பேசும்போது இந்த நினைவு வந்தது. நடுகல் திருவண்ணாமலைப் பக்கத்தவரான எங்களுக்குத் தூரதேசத்து வஸ்து அன்று. செங்கம் வட்டாரத்துக் கற்களையே திரட்டி, இரா. நாகசாமியைப் பதிப்பாசிரியராகக் கொண்டு, 1972-இல் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை 'செங்கம் நடுகற்கள்' என்று ஒரு தனி நூல் வெளியிடும் அளவுக்கு அவை இந்தப் பிரதேசத்தில் மலிந்து கிடக்கின்றன. எடுத்தனூர்க் கல்லைப் பற்றிச் சொன்னேன். மகேந்திரவர்ம பல்லவனது முப்பத்து நான்காம் ஆட்சியாண்டில், தன் எருமைகளைக் காக்கும் பூசலில் மாண்ட கருந்தேவக்கத்தி என்னும் வீரனுக்கு எடுத்த கல் அது. கோவிவன் என்ற நாய் கள்ளர் இருவரைக் கடித்துக் காத்து நின்ற செய்தியையும் அது சொல்கிறது. வீரன் பெயரைக் குறித்துக்கொண்டவர் சிலரே. நாயின் பெயரை எழுதாத பிள்ளை வகுப்பில் இல்லை.

ஐப்பசி 14, வெள்ளி

ஹைடெக் லேப் என்று எல்லோரும் வழங்கும் கணினி அறைக்குப் பிள்ளைகளை அழைத்துச் சென்றேன். இணையம் நின்று நின்றுதான் வந்தது. ஒரு திரைக்கு முன்னால் நால்வர் நெருக்கி உட்கார்ந்திருந்தனர். தமிழ் விக்கிப்பீடியாவைத் திறக்கச் சொன்னேன். 2003-இல் தொடங்கி, கூலி எதிர்பாராத தன்னார்வலர் எழுத எழுத வளர்ந்து, 2017-ஆம் ஆண்டில் ஒரு லட்சம் கட்டுரைகளைத் தொட்ட கலைக்களஞ்சியம் அது. பெரியசாமித் தூரன் பிரதம ஆசிரியராக இருந்து, 1954 முதல் 1968 வரையில் தமிழ் வளர்ச்சிக் கழகம் பத்துத் தொகுதிகளாகக் கொண்டுவந்த கலைக்களஞ்சியத்தை அறிஞர்கள் எழுதினர், மற்றவர் வாசித்தனர். இங்கேயோ வாசிப்பவனே எழுதுபவனாகவும் ஆகலாம்.

கட்டுரையைக் காட்டிலும், அதன் தலைமாட்டில் 'வரலாற்றைக் காட்டவும்' என்றிருக்கும் இடத்தையே அவர்கள் முதலில் பார்க்கவேண்டுமென்று விரும்பினேன். எந்த நாளில், எந்த நேரத்தில், எவர் எந்த வரியைச் சேர்த்தார், எவர் நீக்கினார் என்பதெல்லாம் அங்கே அழியாமல் வரிசையாக நிற்கின்றன. முன்பெஞ்சு மாணவி ஒருத்தி, "ஐயா, யார் வேணும்னாலும் மாத்தலாம்னா எதை நம்புறது?" என்று கேட்டாள். சொன்னவரை நம்பவேண்டாம், சொன்னதற்குக் காட்டும் சான்றைப் பார் என்றேன். எடுத்தனூர்க் கல்லைச் செதுக்கியவன் எந்த அரசனது எந்த ஆண்டு என்று முதலில் சொல்லி, யாருடைய ஆள், என்ன பெயர், எதற்காகப் பட்டான் என்று அதன் பின்னரே சொல்லுகிறான்; காலமும் பெயரும் காரணமும் தெரியாத புகழுரைக்கு அந்தக் கல்லில் இடமில்லை. ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முற்பட்ட அந்த ஒழுங்கைத்தான் இந்தத் திரையும் நம்மிடம் கேட்கிறது என்று சொன்னபோது அவள் முகத்தில் பாதிச் சந்தேகம் மட்டும் தெளிந்தது. மீதி இருக்கட்டும்.

ஐப்பசி 20, வியாழன்

நேற்றுப் பௌர்ணமி. பதினான்கு கிலோமீட்டர் கிரிவலப் பாதையிலே பெற்றோர் போட்டிருக்கும் தேநீர்க் கடையிலும் பூக்கடையிலும் விடிய விடியத் துணை நின்ற பிள்ளைகள் இன்று கண் சொருகியபடியே வந்தனர்.

நடுகல்லைப் பற்றி விக்கிப்பீடியாவுக்கு எழுதும் வேலையைப் பொதுவெளியில் தொடங்காமல், கூகுள் டாக்ஸில் வகுப்புக்கென்று ஓர் ஆவணம் திறந்து, எல்லோரும் ஒரே சமயத்தில் எழுதும்படி விட்டேன். முதல் நாளே சண்டை வந்தது. ஒருவன் எழுதிய வரியை மற்றொருவன் அழித்துவிட்டான். அழித்தவன், "அதான் தப்பாச்சே ஐயா" என்றான். அழிப்பதற்கு முன்னர் அருகில் ஒரு குறிப்பு இட்டுக் காரணம் கேட்கவேண்டும் என்பதையும், அழிந்ததாகத் தோன்றும் வரியை முந்தைய பதிப்புகளில் தேடி மீட்கலாம் என்பதையும் காட்டினேன். நோட்டுப்புத்தகத்தில் எழுதும் பிள்ளை உபாத்தியாயரின் சிவப்பு மைக்கு மட்டுமே பதில் சொல்லக் கடமைப்பட்டவன். இங்கே பக்கத்தில் இருப்பவனுக்குப் பதில் சொல்லவேண்டியிருக்கிறது. மாற்றுக் கருத்தைக் கோபமின்றி எழுத்திலே எதிர்கொள்ளும் இந்தப் பழக்கம் எந்தப் பரீட்சையிலும் மதிப்பெண் பெறாது. ஆனால் கல்வி என்று நாம் சொல்வதில் அதன் பங்கு சிறியதன்று.

ஐப்பசி 24, திங்கள்

செங்கம் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வரும் மாணவி ஒருத்தி, தந்தையின் கைபேசியில் எடுத்த படம் ஒன்றைக் காட்டினாள்: வேப்பமரத்தடியில், மஞ்சளும் குங்குமமும் பூசிய, வில்லேந்திய வீரனின் கல். "இது நடுகல்தானே ஐயா? ஆனா எங்க ஆயா, அப்படிச் சொல்லாத, அது வேடியப்பன் சாமின்னு திட்டுது" என்றாள். இந்தச் சீமையில் நடுகற்கள் பல வேடியப்பனாகவே வழிபாடு பெற்று வருகின்றன என்பதை நான் அறிவேன். கல்லெழுத்தைப் படிக்க அறிந்தவர் மறைந்த பிறகும் கல் பெயராமல் நின்றதற்கு அந்தப் பூசையே காரணம் என்று எண்ண இடமுண்டு.

பாட்டி சொன்னதை விக்கிப்பீடியாக் கட்டுரையில் சேர்க்கலாமா என்பது அடுத்த வினா. கூடாது, முன்னரே வெளியான நம்பத்தகுந்த ஆதாரம் வேண்டுமென்பது அங்கே விதி. விதியின் நியாயம் எனக்குப் புரிகிறது. அது இல்லாவிடில் ஸ்தலபுராணமும் ஜாதிப் பெருமையும் வந்து பக்கத்தை நிரப்பிவிடும். அந்த விதியால் எழுத்தறியாத ஒரு மூதாட்டியின் ஞாபகம் வாசலிலேயே நின்றுவிடுகிறது என்பதும் உண்மையே. படத்துக்கு அந்தத் தடை இல்லை. அவள் வீட்டாரின் சம்மதத்தோடு, பிள்ளைகள் முகமும் பெயரும் எங்கும் தோன்றாதபடி, ஊர்ப்பெயரும் எடுத்த தேதியும் குறித்து, எடுத்தவர் எவரும் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று அனுமதி தரும் உரிமத்தின்கீழ் அதனை விக்கிமீடியா பொதுவகத்தில் ஏற்றும் முறையை வகுப்புக்கு விளக்கினேன்.

முற்காலத்துக் குடிமராமத்தில் ஏரி நீரைப் பாய்ச்சிக்கொண்ட குடிகளே கோடையில் மண்வெட்டியோடு வந்து தூர் எடுத்தனர். பொதுவில் இருக்கும் அறிவும் அப்படியே, எடுத்துக்கொள்பவர் திருப்பிச் செய்யும் உழைப்பினாலன்றி நிலைக்காது. மதுரைத் திட்டத்தை நினைத்துப் பார்க்கிறேன். 1998-ஆம் வருஷத்துப் பொங்கலன்று தொடங்கி, சுவிட்சர்லாந்திலிருந்து கு. கல்யாணசுந்தரம் ஒருங்கிணைக்க, பற்பல நாடுகளிலிருந்த தமிழர்கள் தட்டெழுதியும் பிழை பார்த்தும் பழந்தமிழ் நூல்களை எவருக்கும் இலவசமாக்கினர். நூலகமற்ற கிராமத்துத் தமிழாசிரியன் இன்று இரவு பத்து மணிக்குப் புறநானூற்றைத் திறக்க முடிகிறதென்றால், அது அவர்கள் எடுத்த தூர்.

கார்த்திகை 4, வியாழன்

பிள்ளைகள் கூடி எழுதித் திருத்திய பத்தியை என் கணக்கிலிருந்து முதலில் மணல்தொட்டி என்னும் பயிற்சிப் பக்கத்திலும், பிறகு கட்டுரையிலும் இட்டிருந்தேன். இன்று திறந்தபோது, ஒரு வரியின் பக்கத்தில் முகமறியாத எவரோ 'மேற்கோள் தேவை' என்று குறித்திருந்தார். எழுதிய பையனுக்கு முதலில் மானப்பிரச்சினை. பிறகு அவனே தொல்லியல் நூலின் பக்கத்தைத் தேடிக் கண்டு, ஆண்டும் பக்க எண்ணும் எழுதிக் கொடுத்தான். மதிய உணவு வேளையில் அவன் என்னிடம் வந்து, கல்லின் காலத்தைப் பற்றி நான் வகுப்பில் சொன்னது எந்த நூலில் இருக்கிறது என்று மரியாதையோடு விசாரித்தான். ஆசிரியரிடம் ஆதாரம் கேட்பது அவமரியாதையென்று வளர்க்கப்பட்ட தலைமுறை எங்களுடையது. இவன் கேட்டது எனக்குச் சந்தோஷமாகவே இருந்தது.

கார்த்திகை 6, சனி

தீபத் திருவிழாவுக்குக் கொடியேறும் நாள் நெருங்கிவிட்டது. இனி இரண்டு வாரம் ஊரில் பாடம் ஓடாது. அந்த அவகாசத்துக்குப் பிள்ளைகளிடம் ஒரு வேலை கொடுத்திருக்கிறேன்: தத்தம் வீட்டு முதியவரிடம் ஊர்க்கல்லைப் பற்றிக் கேட்டு, சொன்னவரின் வயதும் ஊரும் கேட்ட நாளும் குறித்து, அவர் சொன்ன சொல்லிலேயே எழுதி வருவது. திரும்பியதும் அவற்றை எங்கள் கையெழுத்து இதழுக்கு ஒரு தனி மலராகத் தொகுத்து, அச்சிட்டு, மாவட்ட மைய நூலகத்துக்கு ஒரு பிரதியும், இணையத்தில் யாவரும் எடுத்தாள ஒரு பிரதியும் கொடுக்க உத்தேசம். கலைக்களஞ்சியம் அதைச் சான்றாக ஏற்குமோ ஏற்காதோ, அது அவர்கள் தீர்மானம். நாளை இவ்வூர்க் கற்களை ஆராய வரும் ஒருவருக்கு, வேடியப்பனைப் பற்றி இன்னார் இன்ன நாளில் இப்படிச் சொன்னார் என்று காட்டுவதற்கு ஒரு பக்கமாவது இருக்கவேண்டும். அதைச் சித்தம் செய்வதும் வகுப்பறையின் வேலையே.