காது வரை ஏறிய சட்டை

புலிக்கயத்தில், சாலிப்புழாவின் கரையில், கயாக் கற்றுத்தருகிற பெண் என் இரண்டு தோள்பட்டைகளையும் பிடித்து மேலே ஒரு தூக்குத் தூக்கினாள். நான் போட்டிருந்த புது லைஃப் ஜாக்கெட் தாடையைத் தாண்டி, மூக்கை மறைத்து, காதில் வந்து நின்றது.

"இது வேண்டாங்ணா. கழட்டிருங்க."

எனக்குச் சுருக்கென்றது. கோடஞ்சேரியில் கயாக் கற்றுக்கொள்ள வேண்டும் என்பதற்காகவே தேடித்தேடி வாங்கியது அது. பிடரியில் தலையணைபோல ஒரு காலர், முன்புறம் இரண்டு தடித்த மெத்தைகள். தடிமன் கூடினால் பாதுகாப்பும் கூடும் என்று நம்பியிருந்தேன். என் எடை 82 கிலோ. அதைப் பார்த்து, அதற்கும் ஓர் அளவு பெரிதாகவே எடுத்திருந்தேன். எங்கள் வீட்டில் தீபாவளித் துணிகூட ஒரு சுற்றுப் பெரிதாகத்தான் எடுப்பார்கள்.

ஊரிலிருந்து கிளம்பும்போதே மனசு சரியில்லை. கோபிப் பக்கம் எங்கள் வாய்க்காலில் தண்ணீர் எப்போது விடுவார்கள் என்று காத்திருக்கிற ஆடி மாதம். இங்கே கேரளத்தில் அதே மாதத்துக்குக் கர்க்கடகம் என்று பெயர். வானம் பிளந்துகொண்டு கொட்டுகிறது. ஜாதிக்காய்த் தோட்டங்களின் நடுவே தண்ணீர் பாறைக்குப் பாறை வெள்ளையாக உடைந்து ஓடுவதைப் பார்த்தபோது ரசிக்கத் தோன்றவில்லை, பொறாமைதான் வந்தது. அந்த எரிச்சலோடு நின்றவனிடம்தான் இந்தப் பேச்சு.

"எனக்கு ஆறு வயசுல இருந்து நீச்சல் தெரியும், அம்மிணி. கெணத்துலயும் வாய்க்கால்லயும் பழகுனவன்."

அவளுக்கு இருபத்தைந்து வயது இருக்கும். மலையாளி, கோவையில் படித்தவள். அந்த 'ங்ணா' அங்கே ஒட்டிக்கொண்டது. "கெணத்துத் தண்ணி வேற, இது வேறங்ணா. இந்த வெள்ளைத் தண்ணியில பாதி காத்து. உங்களைத் தாங்காது."

அதுவரை நான் யோசித்துப் பார்த்திராத விஷயம் அது. பாறையில் மோதி நுரைக்கிற நீருக்குள் காற்றுக் குமிழிகள் நிறைந்துவிடுவதால் அதன் அடர்த்தி குறைகிறது. கிணற்றில் எளிதாக மிதக்கிறவர்கூட இங்கே இன்னும் ஆழமாக இறங்கிவிடுவார். அப்படியானால் இன்னும் தடித்த சட்டைதானே வேண்டும் என்றேன். அவள் விடவில்லை. வளர்ந்த ஆளின் தலை நீருக்கு மேலே நிற்க, கூடுதலாக மூன்றிலிருந்து ஐந்து கிலோ தாங்கல் இருந்தால் போதுமாம். கயாக்காரர்கள் போடும் சட்டை 50 நியூட்டன் வகை. ஏறக்குறைய 5 கிலோவைத் தூக்கும். காலர் வைத்த கடல் ஜாக்கெட்டுகள் இதைவிட இரண்டு மூன்று மடங்கு தூக்கும். நினைவிழந்தவரையும் மல்லாத்தி முகத்தை வானம் பார்க்க வைக்கத்தான் அவை. ஆற்று வேகத்தில் கவிழ்ந்தவரோ உடனே குப்புறத் திரும்பிக் கரையைப் பார்த்து நீந்த வேண்டும். மல்லாத்திப் போடுகிற சட்டை அப்போது கையைக் கட்டிவிடும்.

"அதோட, சட்டை மேல மிதந்து ஆள் உள்ள முங்குனா, அது எத்தனை கிலோ தூக்கி என்னங்ணா?"

அதற்குமேல் நான் பேசவில்லை. ஆறு வயதில் எங்கள் கிணற்றில் அப்பா, மிதப்பதற்காகக் காய்ந்த சுரைக்காயை, சுரைப்புருடையை, என் உடம்பில் கட்டி இறக்கிவிட்டார். நாலாம் நாளோ ஐந்தாம் நாளோ முடிச்சு தளர்ந்து, புருடை இடுப்புக்கு நழுவிவிட்டது. இடுப்பு மேலே, தலை கீழே. காய் நன்றாகத்தான் மிதந்தது. நான் பச்சைத் தண்ணீரைக் கண் திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா குதித்துத் தலைமுடியைப் பிடித்து இழுத்தார்.

கொட்டகையிலிருந்து மூன்று சட்டைகள் வந்தன. என் எடையை அவள் கேட்கவே இல்லை. டேப்பை எடுத்து நெஞ்சைச் சுற்றி அளந்தாள். எடை, எவ்வளவு மிதவை வேண்டும் என்பதற்கு. அளவு என்றால் நெஞ்சுச் சுற்றளவுதான். வார்களையெல்லாம் முழுக்கத் தளர்த்திவிட்டுப் போடச் சொன்னாள். முதலில் விலா எலும்பு முடிகிற இடத்துக்குக் கீழே இடுப்பு வார், பிறகு பக்கவாட்டு வார்கள் கீழிருந்து மேலாக, கடைசியில் தோள். தோளை முதலில் இறுக்கினால் சட்டை மொத்தமும் மேலேறி உட்கார்ந்துவிடும். "மூச்சை முழுசா இழுங்க." இழுத்தேன். இறுக்கமாக இருந்தது, ஆனால் மூச்சு முட்டவில்லை.

நின்றபடி பார்த்தால் போதாது என்று தரையில் கிடந்த கயாக்கில் உட்கார வைத்துத் துடுப்பைக் கையில் கொடுத்தாள். முதல் சட்டை, இருபது முறை வலிப்பதற்குள் அக்குளை அராவியது. இரண்டாவது நீளம் கூடுதல். உட்கார்ந்ததும், படகுக்குள் தண்ணீர் புகாமல் இடுப்பைச் சுற்றி மாட்டுகிற மூடியில் கீழ்விளிம்பு முட்டி, சட்டை தாடைக்கு ஏறியது. மூன்றாவது குட்டையானது, தோளில் மெலிந்தது. அதைக் கையில் தருமுன் நுரையை அழுத்திப் பார்த்தாள். அழுத்திய இடம் உப்பி மேலே வந்தது. வெயிலில் காயப்போட்டே வைத்தாலும், மேலே உட்கார்ந்து நசுக்கினாலும் நுரை செத்துப்போகுமாம்.

அவள் சட்டையின் நெஞ்சில் ஒரு வளையமும் தனிப்பட்டையும் இருந்தன. எனக்கும் அதுபோல வேண்டும் என்றேன். மறுத்துவிட்டாள். அது கயிறு மாட்டிப் பிறரை மீட்பதற்கு, பயிற்சி இல்லாதவர் கட்டினால் கயிறே எமனாகும் என்றாள். தொங்கிய வார் நுனிகளை ஒவ்வொன்றாக உள்ளே செருகினாள், கிளையில் மாட்டக்கூடாது. பிறகு மறுபடியும் தோளைப் பிடித்துத் தூக்கினாள். சட்டையோடு சேர்ந்து என் உடம்பே எழும்பியது.

படகில்லாமல், ஒரு சிறு சரிவின் வால்பகுதியில் என்னை இறங்கச் சொன்னாள். தண்ணீர் காலை வாரியது. ஒரு கணம் எல்லாம் வெள்ளை. எந்தத் திசை மேல் என்று தெரியவில்லை. அப்போது விலாவைச் சுற்றி ஏதோ என்னைப் பிடித்துத் தூக்குவதை உணர்ந்தேன். தலைமுடியை அல்ல, நெஞ்சை. முகம் வெளியே வந்தது. குப்புறத் திரும்பி நீந்தினேன். கரையில் அவள் கை தட்டினாள். எனக்குக் கண் கலங்கியதை மழை மறைத்தது.

சாயங்காலம் கப்பையும் மீன்கறியும் தின்ற கடையிலிருந்து ஊருக்குப் பேசினேன்.

"அப்பா, சொரப்புருடைய எங்க வெச்சுக் கட்டுவீங்க?"

"அக்குளுக்குக் கீழ, நெஞ்சோட ஒட்டி. ஏன், அன்னிக்கு நழுவுனது இன்னும் ஞாபகம் இருக்குதா?" என்றவர், பதிலுக்குக் காத்திருக்காமல் கேட்டார்: "அங்க தண்ணி எவ்வளவு போவுது?"

"ரெண்டு கரையும் தொட்டுட்டுப் போவுதுங்கப்பா."

"எங்க போயிச் சேருது?"

"சாலியாத்துல. அப்புறம் பேப்பூர்ல கடலுக்கு."

"அத்தனையுமா?" என்றார்.