கொழுந்து கிள்ளுவோரும் பங்குதாரரே

மலைநாட்டில் நம்மவருக்குச் சீட்டுப் பிடிக்கத் தெரியும். நகையை அடகு வைக்கவும் மீட்கவும் தெரியும். பங்கு என்றால் மட்டும், அது கொழும்புக்காரர் விவகாரம் என்று ஒதுங்கிவிடுகிறோம். ஆனால், இலங்கையிற் பங்கு வியாபாரம் வேரூன்றியதே தேயிலைச் செடியின் அடியில்தான். 1896ஆம் ஆண்டு கொழும்பிலே பங்குத் தரகர் சங்கம் தோன்றியது தோட்டக் கம்பெனிகளுக்கு முதல் திரட்டும் பொருட்டே.

காடு வெட்டிக் கன்று நட்டு, முதற் கொழுந்தைக் காணச் சில ஆண்டுகள் செல்லும். அதுவரை செலவைத் தாங்க ஒருவர் கைப்பணம் போதாது. ஆகவே வேண்டிய முதலைச் சம கூறுகளாக்கிப் பலருக்கு விற்றனர். அக்கூறே பங்கு. அதனை வாங்கியவர் கம்பெனிக்குக் கடன் கொடுத்தவரல்லர். அதன் உடைமையாளருள் ஒருவர். இலாபம் வந்தாற் பங்கிலாபம் கிடைக்கலாம். வராவிடிற் கேட்பதற்கு ஒன்றுமில்லை. வங்கியில் இடும் வைப்புக்கும் பங்குக்கும் உள்ள வேற்றுமை இதுவே.

1975இல் கம்பெனித் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் நிர்வாகம் மீண்டும் தனியாரிடம் சென்றது. பின்னர்ப் பங்குகள் விற்கப்பட்டபோது, பத்திலொரு பகுதி தொழிலாளருக்கும் உத்தியோகத்தருக்கும் இலவசமாக வழங்கப்பட்டது. நம் வீட்டுக்கும் ஒரு பத்திரம் வந்தது. அப்பா அதனைப் பிறப்புச் சாட்சிப் பத்திரங்களோடு சேர்த்துத் தகரப் பெட்டியில் வைத்தார். "ஏங்க, இந்தக் காயிதத்தக் குடுத்தா கடையில அரிசி குடுப்பாங்களா?" என்று அம்மா கேட்டார். கேள்வி நியாயமானதே. சில காலத்தின் பின் லயத்துக்கு ஒருவர் வந்து, ரொக்கம் கொடுத்துப் பத்திரங்களைச் சேகரித்துச் சென்றார். கடைக் கடனும் தீபாவளிச் செலவும் நெருக்கிய பலர் கொடுத்துவிட்டனர். அவர்களைக் குறைகூற நாம் ஒருப்படோம். அடுப்பெரிய வேண்டிய வீட்டில் நீண்டகால முதலீடு பற்றிப் பேசுவது எளிதா என்ன? ஆயினும், தாம் விற்பது இன்னதென்று அவர்களுக்கு ஒருவரும் விளக்கவில்லை என்பதே நமது ஆறாத மனத்தாங்கல். அப்பாவின் பத்திரத்துக்குச் சில ஆண்டுகள் சிறு தொகை வந்தது. சில ஆண்டுகள் ஒன்றும் வரவில்லை.

பங்கின் விலையை எவரும் கட்டளையிட்டு நிர்ணயிப்பதில்லை. வாங்குவோரும் விற்போரும் கம்பெனியின் நாளைய நிலையைப் பற்றிக் கொள்ளும் எண்ணமே விலையாகிறது. எந்த மலையிற் கவ்வாத்து நடந்தது, எங்கே வரட்சி தாக்கியது என்பவற்றை நாம் கண்ணாற் காண்கிறோம். அது மட்டும் போதுமா? 2021இல் இரசாயன உரம் தடைசெய்யப்பட்டது. அவ்வாண்டு ஏறத்தாழ 30 கோடி கிலோவாயிருந்த நாட்டின் தேயிலை விளைச்சல், அடுத்த ஆண்டு 25 கோடியளவுக்கு வீழ்ந்தது. மலையை மட்டும் பார்த்தவர் கம்பெனிகள் கவிழ்ந்தன என்றே நினைத்திருப்பார். அதே 2022இல் டொலரின் விலை 200 ரூபாவிலிருந்து 360 வரை ஏறிற்று; கொழும்பு ஏலத்தில் தேயிலை விலையும் ரூபாக் கணக்கில் உயர்ந்தது; பல தோட்டக் கம்பெனிகளின் இலாபம் பெருகிற்று. ஆண்டறிக்கையை வாசிக்கப் பழகுங்கள் என்று மாணவர்களுக்கு நாம் சொல்வது இதனாலேதான். படித்த பிள்ளையொன்று இருக்கும் வீட்டில் இது பெரிய வித்தையன்று.

இன்னொன்று. சம்பளமும் தேயிலை, குடியிருப்பும் தேயிலை என வாழும் குடும்பம் சேமிப்பையும் தேயிலைப் பங்கிலேயே இட்டால், ஒரு வரட்சி எல்லாவற்றையும் ஒருங்கே தாக்கும். 1869இல் இலைநோய் கண்ட காப்பியை மட்டுமே நம்பியிருந்த துரைமார் பட்ட பாட்டை இம்மலைகள் அறியும். காப்பித் தோட்டங்களுக்குக் கடன் கொடுத்திருந்த ஓரியண்டல் வங்கியே 1884இல் முறிந்தது. எனவே வேறு தொழில்களிலும் சிறிது சிறிதாக வாங்குதல் நன்று. அதுவும் அண்மையில் தேவைப்படாத பணத்தில். விற்க நினைக்கும் நாளிற் சந்தையே மூடியிருக்கவும் கூடும். 2020இல் மார்ச்சுப் பிற்பகுதி முதல் மே முற்பகுதி வரை அது மூடிக்கிடந்தது.

பழைய பத்திரம் வீட்டில் இருப்பின், அதனைப் பதிவுபெற்ற தரகர் நிலையமொன்றிற் காட்டி, மத்திய வைப்புத் திட்டக் கணக்கிற் சேர்ப்பது பற்றி விசாரிக்கலாம். புறப்படுமுன் பெயரைச் சரிபாருங்கள். செக்றோலில் ஒரு பெயரும் அடையாள அட்டையில் வேறொரு பெயருமாக இருப்பது நம் தோட்டங்களில் வழக்கந்தானே!