உடையார்குடிச் சுவரில் ஒரு கொலை வழக்கு

சேத்தியாத்தோப்பிலிருந்து வீராணம் ஏரிக்கரையிலேயே போகிறது பேருந்து. ஒரு பக்கம் கண்ணுக்கெட்டிய மட்டும் தண்ணீர், மறுபக்கம் பள்ளத்தில் வயல். கல்கி தன் ‘பொன்னியின் செல்வன்’ நாவலை ஆரம்பித்து வைத்த கரை. அதனாலேயே இந்தப் பக்கம் வருகிறவர்களில் பாதிப் பேர், சோழ இளவரசன் ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார் என்பதை முடிவு செய்துவிட்டுத்தான் பேருந்தே ஏறுகிறார்கள்.

காட்டுமன்னார்கோயிலை ஒட்டிய உடையார்குடியில் அனந்தீசுவரர் கோயில். “சாமியை அப்புறம் பார்த்துக்கலாம்னு நேரா கல்வெட்டுக்குப் போயிடறா சார்” என்றார் குருக்கள். கோபமில்லை, நாவல் படமாக வந்த பிறகு இப்படித்தான் என்பதுபோல ஒரு சிரிப்பு. சுவரடியில் ஒரு பெரியவர், உத்தம சோழன்தான் கொலையை ஏவினான் என்று குடும்பத்துக்கு விளக்கிக்கொண்டிருந்தார். “அது எந்த வரியில இருக்கு மாமா?” என்று கேட்டான் கூட வந்த பையன். நல்ல கேள்வி. எந்த வரியிலும் இல்லை.

இருப்பது இதுதான். இராசகேசரி என்ற பட்டம் கொண்ட அரசனின் 2-ஆம் ஆட்சியாண்டு. அவர் முதலாம் ராஜராஜன் என்று கொண்டால் ஏறத்தாழ கி.பி. 987. வீரநாராயணச் சதுர்வேதிமங்கலத்துச் சபைக்கு அரசன் அனுப்பிய ஆணை. பாண்டியன் தலைகொண்ட கரிகால சோழனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், அவன் தம்பி ரவிதாசனாகிய பஞ்சவன் பிரம்மாதிராசன், இன்னொரு தம்பி பரமேசுவரனாகிய இருமுடிச்சோழ பிரம்மாதிராசன் ஆகியோரின் பெயர்கள் வருகின்றன. அதன் பின் கொலையைப் பற்றிப் பேச்சே இல்லை, சொத்துப் பேச்சுதான். அவர்களுடைய மக்கள், பெரியப்பன் மக்கள், தாய்மாமன்மார், பெண் கொடுத்த மாமனார்கள், உடன்பிறந்த பெண்களைக் கட்டியவர்கள், மகள்களைக் கட்டியவர்கள் என்று உறவுமுறை நீள்கிறது. மருமகனாக வாய்த்த பாவத்துக்கும் நிலம் போயிருக்கிறது. அப்படிப் போன நிலத்தை விற்பதற்கும், அதை ஒருவர் வாங்கிக் கோயிலில் அறம் வைப்பதற்கும்தான் இத்தனை எழுத்தும். கொலையை விசாரித்த தீர்ப்பு அல்ல. சார்பதிவாளர் அலுவலகத்துப் பத்திரம் மாதிரி ஒன்று.

எனக்கு இந்தக் கல்வெட்டின் மேல் நம்பிக்கை வருவதே அதனால்தான். நமக்குக் கதை சொல்ல அதற்கு எந்த அவசியமும் இல்லை. ராஜேந்திரன் காலத்துத் திருவாலங்காட்டுச் செப்பேடு சோழர் குடும்பமே எழுதி வைத்துக்கொண்ட பெருமை. ஆதித்தன் விண்ணுலகைக் காணும் ஆசையில் போய்விட்டான் என்று நாசூக்காக அது நகர்ந்துவிடும். கொலை என்று உடைத்துச் சொன்னது நிலக்கணக்குதான்.

ஆனால் அதே செப்பேட்டின் அடுத்த செய்திதான் உத்தமனை மாட்டிவிட்டது. சிற்றப்பனுக்கு, அதாவது உத்தமனுக்கு, நாட்டின்மேல் ஆசை இருக்கும்வரை எனக்கு அரசு வேண்டாம் என்று ஆதித்தனின் தம்பி அருண்மொழி, பின்னாளைய ராஜராஜன், ஒதுங்கினானாம். இதையும் உடையார்குடியையும் சேர்த்து வைத்துத்தான் வரலாற்றாசிரியர் நீலகண்ட சாஸ்திரி உத்தமனைச் சந்தேகித்தார். 970-ஐ ஒட்டிக் கொலை. உத்தமன் 985 வரை ஆண்டான். பறிமுதல் பற்றிய ஆணை அவனுக்குப் பின்னால்தான் வருகிறது என்பது வாதம். சதாசிவ பண்டாரத்தார் இதை ஏற்கவில்லை. நானும் பண்டாரத்தார் பக்கம்தான். குற்றவாளிகள் எப்போது பிடிபட்டார்கள், எப்போது தண்டிக்கப்பட்டார்கள் என்று கல்வெட்டு சொல்லவில்லை. பறித்த நிலம் விற்பனைக்கு வர வருடக்கணக்காவது இன்றைக்கும் வழக்கம்தானே! அதைவிடப் பெரிய இடறல் ஒன்று உண்டு. உத்தமனின் தாய் செம்பியன் மாதேவிக்கு ராஜராஜன் ஆட்சியிலும் மரியாதை குறையவில்லை. உத்தமனின் மகன் மதுராந்தகன் கண்டராதித்தன் அதே ராஜராஜனிடம் கோயில் கணக்குகளை விசாரிக்கும் பொறுப்பில் இருந்தான். அண்ணனைக் கொன்றவன் மகனை யார் கணக்குப் பார்க்க வைப்பார்கள்? அரசியலில் எதுவும் நடக்கும் என்பீர்கள். நடக்கும். ஆனால் அதற்குச் சான்று காட்ட வேண்டியது குற்றம் சாட்டுகிறவர்தான்.

பக்கத்திலேயே மேலக்கடம்பூர். கல்கி கொலையை நடத்திய கடம்பூர் மாளிகையைத் தேடி இங்கேயும் ஆள் வருகிறது. இருப்பது சக்கரமும் குதிரையும் பூட்டிய தேர் வடிவக் கோயில். முதலாம் குலோத்துங்கன் காலத்தது, கொலைக்கு ஒரு நூற்றாண்டுக்குப் பிந்தியது. பார்க்கத் தவறக்கூடாத கோயில், வழக்குக்கு உதவாது. கொலை எங்கே நடந்தது என்றும் உடையார்குடிக் கல் சொல்லவில்லை.

டீக்கடையில் பேச்சுக் கொடுத்தவர், “பாண்டியன் ஆளுங்கதான் சார். பஞ்சவன்னா பாண்டியன்தானே, பேர்லயே இருக்கே” என்றார். வீரபாண்டியன் தலையைக் கொண்டவன் மேல் பாண்டிய நாட்டுக்குப் பகை இருந்திருக்கும், மறுக்கவில்லை. ஆனால் பட்டப்பெயரைச் சாட்சிக் கூண்டில் ஏற்றினால் வழக்கு நிற்காது. பாண்டியரை வென்ற சோழர்கள் அவர்கள் பெயரையும் எடுத்துப் புழங்கினார்கள். ராஜராஜனின் தேவியரில் ஒருத்தியே பஞ்சவன் மாதேவி. போகட்டும், ரவிதாசனின் பட்டத்தை வைத்துப் பாண்டியனைப் பிடித்துவிட்டோம் என்றே வைத்துக்கொள்வோம். கூடவே நிற்கும் தம்பி பரமேசுவரனுக்கு இருமுடிச்சோழன் என்று பட்டம். அவனை வைத்து யாரைப் பிடிப்பது?