நெடுந்தீவுக் கிணறும் ஒரு மீன்தொட்டியும்

பண்ணைத் தாம்போதியைக் கடந்து, வேலணையையும் புங்குடுதீவையும் ஊடறுத்துச் சென்றால் குறிகட்டுவான் துறையை அடையலாம். அங்கே பிரயாணிகள் இரு கூறாகப் பிரிவர். நாகபூஷணி அம்மனைத் தரிசிக்கவும் நாக விகாரையை வணங்கவும் போவோர் நயினாதீவுப் படகில் ஏறுவர். மற்றையோர் ஏறத்தாழ ஒரு மணி நேரம் அலையில் ஆடி நெடுந்தீவு செல்வர். யாம் இரண்டாம் கூட்டத்திற் சேர்ந்தோம். எம்மிடம் அர்ச்சனைத் தட்டு இல்லை. இரண்டு வெற்றுக் கலன்களும், என் மருமகன் தோளில் ஒரு பையுமே இருந்தன.

மருமகன் வீட்டிலே கடல்மீன் வளர்க்கின்றான். யாழ்ப்பாணத்துப் பரவைக் கடலின் நீர் அவனுக்கு உதவாது. கோடையில் அது வற்றி உப்பு மிகும். ஐப்பசி மழை பெய்ததும் நீர்த்துவிடும். தொட்டி மீனுக்கோ ஆயிரத்துக்கு 35 பங்கு என்ற அளவில் உப்பு நிலைத்து நிற்கவேண்டும். அதனை அளக்க முதலில் மிதக்கும் கண்ணாடிக் குழல் ஒன்றை வாங்கினான். மலிவானதுதான், ஆயின் நீரின் சூட்டுக்கேற்ப அது வேறு கணக்குச் சொல்லும், ஒரு குமிழி ஒட்டினாலும் பொய் சொல்லும். பின்னர் முறிவுமானி வாங்கினான். ஒரு துளியை இட்டு வெளிச்சத்தை நோக்கிப் பார்த்தால் உள்ளே உப்பின் அளவு தெரியும். 35 பங்கு உப்புள்ள மாதிரி நீரைக் கொண்டு அதனை இடையிடையே சரிபார்த்தல் அவசியம்.

மூன்றாவதாக அவன் வாங்கிய மின்பேனைதான் எமக்குச் சிரிப்பூட்டியது. நெடுந்தீவு இறங்குதுறையிலே அதனைக் கடலில் தோய்த்தான். இலக்கம் எதுவும் காட்டாது திணறிற்று. குடிநீருக்கென ஆக்கப்பட்ட கருவி அது. "காசு வீண், மாமா" என்றான்.

பவளக்கல் மதில்களுக்கிடையே நடந்து, தெரிந்த பெரியவர் ஒருவரின் வளவுக்குச் சென்றோம். அவர் தந்த நீரில் உவர் சற்றே தட்டியது. மருமகன் பேனையைச் செம்பில் வைக்க, இலக்கம் உடனே நின்றது. பெரியவர் நகைத்தார். "தம்பி, உந்தக் குச்சி சொல்லுறதை என்ரை நாக்கு எப்பவோ சொல்லிப்போட்டுது."

அவர் கூற்றில் உண்மையுண்டு. ஒரு லீற்றரில் குளோரைட்டு ஏறத்தாழ 250 மில்லிகிராமைத் தாண்டினால் நாக்கு அறியத் தொடங்கும். ஆனால் உவருக்குப் பழகிய நாக்கு சிறிய ஏற்றத்தை அறியாது. அதுவே அவ்வளவில் அப்போதிருந்த வழக்கு. வெளிநாட்டு மகன் மோட்டார் பூட்டப் பணம் அனுப்பியிருந்தான். பெரியவர் துலாவை விட மறுத்தார். அயல் வளவில் மோட்டார் பூட்டியபின் கிணறு கெட்டதென்பது அவர் கட்சி. வீட்டாரோ, அது மழை குறைந்ததன் பலன் என்றனர்.

ஆறில்லாத இச்சுண்ணக்கல் தீவிலே மழைநீர் நிலத்துள் இறங்கி, கனமான கடல்நீரின் மேல் மிதக்கின்றது. நன்னீர் கடல் மட்டத்துக்கு மேல் ஓர் அடி நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடி ஆழத்துக்கு நன்னீர் இருக்குமென ஒல்லாந்தர் ஒருவரும், 1901இல் ஹெர்ஸ்பேர்க் என்ற ஜெர்மானியரும் கணித்தனர். இத்தீவுக்கு டெல்ஃப்ட் எனப் பெயரிட்டவரும் ஒல்லாந்தரே. அக்கணக்கைத் திருப்பிப் பார்த்தால் அச்சம் வரும்: மேலே ஓர் அடி குறைந்தால் கீழிருந்து உவர் 40 அடி ஏற இடமுண்டு. துலா சிறிது சிறிதாக மொள்ளும். மோட்டாரோ ஓரிடத்தில் வேகமாக உறிஞ்சி உவரை மேலே இழுக்கும்.

மறுநாட் காலை அயல் வளவுக்குப் போனோம். மோட்டார் ஓடுமுன் ஒரு தரமும், ஒரு மணி நேரம் ஓடியபின் ஒரு தரமும் மருமகன் அளந்தான். மழை இரண்டு வேளைக்கும் பொது. இலக்கமோ பொதுவாயில்லை, நன்றாக ஏறியிருந்தது. பெரியவரின் மகள் அதனைத் தானே வாசித்தாள். பிறகு தந்தையின் கிணற்றையும், சாராப்பிட்டி நன்னீர்க் கிணற்றையும் அளந்துவரச் சொல்லி, மூன்றையும் நாட்காட்டியின் ஓரத்திற் குறித்துக்கொண்டாள்.

மாலைப் படகுக்கு முன் முறிவுமானியாற் பார்த்துக் கலன்கள் இரண்டிலும் கடல்நீர் நிரப்பினோம். சோளகம் பலமாக வீசியது. துறைவரை வந்த பெரியவர், மருமகனின் சட்டைப் பையைச் சுட்டி, "உந்தக் குச்சியை வைச்சிட்டுப் போ தம்பி, மாரி வரைக்கும்" என்றார். அவன் கொடுத்துவிட்டு, பற்றரி மாற்றும் விதத்தையும் காட்டிக் கொடுத்தான்.